வெயிலைத் திருடியவர்

"எவனோ ஒருத்தன் வெயிலைத் திருடுறான், மேடம்! என் மச்சானோட ஷீட்டுக்கு நிழல் பிடிக்கிறான்! அவனை நான் சும்மா விடமாட்டேன்!"

ஷீட் கம்பெனி முதலாளி மேசையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பட்டாசு என்று பெயர். மூட்டை தூக்கி, திட்டு வாங்கி, பேரம் பேசிப் பேசியே கம்பெனி வைத்த மனிதர். தோற்றுப் பழக்கமில்லை.

இப்போது தோற்றுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட முற்றத்துக்குப் பிளாஸ்டிக் கூரை போடும் ஆர்டர். போட்டியில் இரண்டே பேர். இவரும், இவர் மனைவியின் அண்ணனும். யாருடைய ஷீட் வெயிலைத் தாங்கும் என்று பார்க்க, இரண்டிலும் துண்டுகள் வெட்டி ஆய்வுக்கூடத்து மொட்டை மாடியில் வரிசையாகக் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரே பச்சை. பெயர் கிடையாது, எண் மட்டும். யாருடையது எந்த எண் என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்துக்குத்தான் தெரியும்.

அவ்வப்போது ஒரு துண்டைக் கழற்றி மிஷினில் மாட்டி அறுந்துபோகிற வரைக்கும் இழுப்பார்கள். இருட்டு அலமாரியில் வைத்த துண்டோடு ஒப்பிட்டால், வெயில் எவ்வளவு பலத்தைத் தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மச்சானுடையது இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு கொடுத்தது. இவருடையது காய்ந்த சருகாக நொறுங்கியது.

"ஒரு வரிசையில வெயில் குறையறது நிஜம்தான் சார்" என்றார் மேடம். "வரிசைக்கு ஒண்ணா வெயிலை அளக்கற மீட்டர் வச்சிருக்கோம். மதியத்துக்கு மேல ஒண்ணுல மட்டும் முள் இறங்குது. ஆனா அது..."

"பார்த்தீங்களா! உங்க வாயாலயே வந்துடுச்சு!"

"முழுசாக் கேளுங்க சார், அந்த வரிசை..."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? கையும் களவுமாப் பிடிச்சு இங்க கொண்டுவந்து நிறுத்தறேன். அப்புறம் நீங்க கேளுங்க!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் மதியம், ஆய்வுக்கூடத்து மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தார். பக்கத்து மாடி அவர் வீட்டு மாடிதான். நடுவில் இடுப்பளவுச் சுவர்.

தெருச் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. பச்சைத் துண்டுகளின் வழியாக இறங்கிய வெளிச்சம் தரையில் குளம் மாதிரி அசைந்தது. பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது.

அந்தக் குளத்தின் அடியில் அவரே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் பெரிய பச்சைக் கூரை. சுற்றிலும் பிள்ளைகள், சத்தமே வராமல் சிரித்தார்கள். வெயில் கண்ணுக்குத் தெரியாத பல்லால் கூரையைக் கொறித்துக்கொண்டிருந்தது. பச்சைத் தூள் மெல்ல மெல்ல இறங்கி, பிள்ளைகளின் தலைமுடியில், புத்தகத்தில், குடிக்கிற தண்ணீரில் விழுந்தது. ஒரு குட்டிப்பெண் கையை நீட்டி அதைப் பிடித்தாள்.

"மழையா மாமா?"

பதில் சொல்ல வாய் திறந்தார். முகத்தில் குளுமை பட்டது.

விழித்துப் பார்த்தார். அவர் வீட்டுக் கொடியில் ஒரு நீலப் போர்வை காற்றில் உப்பி நின்றது. அதன் நிழல் சுவர் ஏறி இறங்கி, தரையில் நடந்து வந்துகொண்டிருந்தது. போர்வையை ஒரு கை இப்படி நகர்த்தியது, அப்படி இழுத்தது. நிழல் அளவெடுத்த மாதிரி முன்வரிசையில் வந்து படுத்தது.

அந்தக் கையை அவருக்குத் தெரியும். காலையில் காபி கொடுத்த கை.

"அடிப்பாவி!" சுவரோரம் பாய்ந்தார். "பொறந்த வீட்டுப் பாசம் பொத்துக்கிட்டு வருதோ? என் வீட்டுப் போர்வையில உங்கண்ணனுக்கு நிழலா?"

கத்தல் கேட்டு மேடம் படியேறி ஓடிவந்தார்.

மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. கடைசி கிளிப்பையும் மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

"இது எங்கண்ணன் வரிசை இல்லைங்க. உங்களோடது."

"என்னோடதா? எண்ணு மட்டும்தானே போட்டிருக்கு! உனக்கு எவன் சொன்னான்?"

"நீங்கதான். 'ஷீட்டுல வெயில் தாங்குற மருந்தைப் பாதியாக் குறைச்சுடு, எவன் கண்டுபிடிக்கப் போறான்'னு ஃபோன்ல நீங்க கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. இங்க கட்டின கொஞ்ச நாள்லயே ஒரு வரிசை மட்டும் வெளுக்க ஆரம்பிச்சுது. நம்மளோடது எதுன்னு தனியா வேற யாராவது சொல்லணுமா?"

முதலாளி மேடத்தைப் பார்த்தார்.

"அதைத்தான் சார் நேத்து சொல்ல வந்தேன். நிழல் விழுந்தது உங்க வரிசையில. நிழல்ல இருந்தும் அதுதான் நொறுங்குச்சு. இனி இந்தச் சோதனையே செல்லாது. ரெண்டு பேரும் புதுசாத் துண்டு கொடுக்கணும்."

பட்டாசு நமுத்துப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பேரத்தில் இறங்கி வருகிற குரலில் கேட்டார்.

"எனக்காகவா செஞ்சே?"

"வேற யாருக்காக? ஊர் முன்னாடி நீங்க தலைகுனியக் கூடாதேன்னு செஞ்சேன். தப்புதான்." போர்வையை உருவி அவர் மார்பில் திணித்தாள். வெயில் சட்டென்று மாடி முழுக்க விழுந்தது. "ஒரு முழத் துண்டுக்கே நிழல் பிடிச்சு எனக்குக் கை ஓஞ்சுபோச்சு. அவ்வளவு பெரிய முற்றத்துக்கு யாருங்க பிடிப்பா? புதுத் துண்டு கேக்கறாங்க இல்ல? போங்க. இந்தத் தடவையாவது அந்த மருந்தை முழுசாப் போடுங்க!"