நெளியாத கோடு

“இன்னும் நெளியுதா?” என்று கேட்டபடி கணவன் தேநீரை மேசை ஓரத்தில் வைத்தான்.

“நெளியுது. என் கண்ணுதான் நெளியுதோ என்னவோ!” என்றாள் அவள், சிக்னலைக் கோடாகக் காட்டும் அலைக்காட்டியின் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

அவள் கையில் இருந்தது, சர்க்யூட்டில் ஓடும் அதிவேக சிக்னலைத் தொட்டெடுத்துத் திரைக்கு அனுப்பும் ப்ரோப். கம்பெனிப் பொருள் சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. வேலை போனபிறகு, மலிவாகத் தானே செய்து விற்கலாம் என்று இறங்கியிருந்தாள். நாளை காலை தொழிற்கல்லூரியிலிருந்து பார்க்க வருகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, நாத்தனார் தன் ஆய்வுக்கூடத்திலிருந்து கம்பெனி ப்ரோப் ஒன்றை இரவல் வாங்கித் தந்திருந்தாள். அதை வைத்தால் கோடு வழவழவென்று ஏறியது. இவள் செய்ததை வைத்தால், ஏறிய இடத்தில் குட்டிக் குட்டி அலைகள்.

“டிரான்சிஸ்டரை மாத்திப் பாத்தியா?”

“மாத்தியாச்சு. வயரை ஒட்ட நறுக்கியாச்சு. ஈயம் வச்சு வச்சு விரலும் வெந்தாச்சு.”

“பேசாம, நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடலாமா?”

“வேண்டாம்னு சொன்னாலும் திரும்பி வர, அவங்க என்ன உங்க வீட்டு ஆளுங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்து வெளிச்சம் பிடித்தான். அவள் முனையில் இன்னும் பெரிய ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தாள். அலைகள் கொஞ்சம் அடங்கின. அதையும் பிடுங்கிவிட்டு, அதைவிடப் பெரியதை வைத்தாள்.

கோடு நெளியாமல் ஏறியது. கம்பெனி ப்ரோப் காட்டியதைப் போலவே, அச்சு அசலாக.

“அப்பாடா!” என்றான் கணவன்.

அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. செய்து வைத்திருந்த மற்ற ப்ரோப்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அதே ரெசிஸ்டரை மாற்றினாள். கடைசி ஒன்றை மூடிவிட்டு சால்டரிங் அயர்னை அணைத்தபோது, பொழுது சாய்ந்திருந்தது. கழுத்து திரும்ப மறுத்தது.

வாசலில் செருப்புச் சத்தம். நாத்தனார் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“அண்ணி, கோச்சுக்காதீங்க. அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன். நான் தந்தது கீழ விழுந்து கெட்டுப்போனது. சிக்னல்ல நெஜமாவே இருக்கற நெளிவைக்கூட மழுப்பிடும். இந்தாங்க, நல்லது.”

அவள் கையை நீட்டி சால்டரிங் அயர்னை மறுபடியும் போட்டாள்.