பேச்சில் திணறல் இல்லை

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா… மூச்சு வாங்கிக்கறேன்."

குரல் கேட்டு டாக்டர் நிமிர்ந்தாள். கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு மனிதர் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றி வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டாக நின்றது. மூன்றாவது மாடி அது. காலையிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை.

"மெதுவா வந்து உட்காருங்க. அவசரமே இல்லை."

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களைப் பரிசோதிப்பது அவள் வேலை. கோப்பைத் திறக்கும் முன் ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் பழக்கம். காகிதம் முதலில் பேசிவிட்டால், அப்புறம் மனிதர் பேசுவது காதில் ஏறாது என்று நினைப்பவள். மேலே 'நுரையீரல்' என்று எழுதிய கோப்பு மூடியே கிடந்தது.

அதற்குள் அவருடைய மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, வழக்காட வந்தவள் போல.

"வேலை செஞ்ச இடத்துல வந்ததா இது?"

"ஆமாம்மா" என்றார் அவர். "கல் அறுக்கிற பட்டறை. சமையல் மேடைக்குப் போடற கல்லு இருக்கு பாருங்க, அதை அறுத்துத் தேய்ச்சுக் கண்ணாடி மாதிரி ஆக்கறது. நாங்க ரெண்டு பேருமே அங்கதான். அறுக்கறப்போ தண்ணி பாய்ச்சிக்கிட்டே இருந்தா தூசி அடங்கிடும். அதை மட்டும் அந்த முதலாளி…"

"செய்யலை" என்று முடித்தாள் மனைவி.

"முகமூடி?"

"கேட்டோம்மா. மூக்குல ஒரு துணியைக் கட்டிக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்கன்னு ஒரே…"

"சிரிப்பு."

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. "எப்பவும் கடைசி வார்த்தை உங்க வீட்டம்மாவோடதுதானா?"

"கல்யாணம் ஆனதுலேருந்தே அப்படித்தாம்மா. அவகிட்ட பேசி நான் என்னிக்கு…"

"ஜெயிச்சார்?"

மூவருமே சிரித்தார்கள். இவ்வளவு கஷ்டத்திலும் இந்த மனிதருக்குச் சிரிக்க முடிகிறதே என்று டாக்டர் வியந்தாள். அவர் மூச்சு இப்போது நன்றாகவே அடங்கியிருந்தது.

"தூக்கம் எப்படி?"

"படுத்தாத்தானேம்மா தூக்கம். தலைகாணியை அடுக்கி வெச்சுச் சாய்ஞ்சுக்கறதுதான். அப்படியே கண் அசந்தாலும், கொஞ்ச நேரத்துல உடனே…"

"இருமல்."

"குளிக்கிறது?"

"ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான். தலையில தண்ணி பட்டா மூச்சு முட்டிடும். துவட்டி விடறதுக்குக்கூட ஒரு ஆளு…"

"வேணும்."

கூச்சமே இல்லாமல் சொன்னாள் மனைவி.

"இது ரெண்டாவது தடவைம்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "போன தடவை வேற டாக்டர். 'பேச்சில் திணறல் இல்லை'ன்னு ஒரே வரி எழுதி அனுப்பிட்டார். இப்பவும் கிடைக்கலைன்னா வீட்டுல இருக்கிற ஆக்சிஜன் மெஷினைத் திருப்பிக் குடுத்துடணும், வாடகைக்கு எடுத்தது. அது மட்டும் இல்லைன்னா எங்களுக்கு ராத்திரி…"

"விடியாது."

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் டாக்டரின் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கண்ணால் பார்க்காததை எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. எதிரே இருந்தவர் ஆற்றொழுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். நேர்மையாக எழுதினால், போன தடவை எழுதிய அதே வரியைத்தான் இவளும் எழுத வேண்டியிருக்கும். இடையிடையே இந்த அம்மாள் வேறு புகுந்து முடித்துவிடுகிறாள். தொடர்ந்து பேசவிட்டுப் பார்த்தாலாவது ஏதாவது தெரியும்.

"ஒண்ணு செய்யலாம். நோயாளி மட்டும் இங்கே இருக்கட்டும். துணைக்கு வந்தவங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

"ஐயா! நீங்க எங்கே போறீங்க?"

"நான் வெறும் சுமைகூலிம்மா" என்று திரும்பிச் சிரித்தார் அவர். "மூணு மாடியும் முதுகுல தூக்கிட்டு வந்து, உங்க வாசல்ல இறக்கி வெச்சாச்சு. இனி அவ பாடு, உங்க பாடு."

கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் முதல்முறையாக அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா."

"பட்டறைல…" கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. "கல்லு…" விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அடுத்த சொல்லுக்காக டாக்டர் காத்திருந்தாள். உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை.

"போதும்மா, போதும். இதுக்கு மேல நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம்" என்று பேனாவைத் திறந்தாள்.

போன தடவை இந்தப் பெண்ணைத் தோற்கடித்தது எது என்று டாக்டருக்கு இப்போது புரிந்தது: ஒரே ஒரு சொல்லுக்குத்தான் மூச்சிருக்கிற மனைவிக்காக, ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசிப் படிவரை தானே சுமந்துகொண்டு போய், அந்த ஒரு சொல்லை மட்டும் அவளுக்கென்று விட்டுவைத்திருந்தார் அந்த மனிதர்.