கோட்டின் மேல் வைத்த கல்

"ஒரு கல்லைப் பார்க்க எதுக்குடி ரெண்டு தலை? அதுவும் முட்டிக்கிற தூரத்துல!"

போனில் தங்கையிடம் பொருமிக்கொண்டிருந்தாள் வீட்டுக்காரம்மா. சமையலறையிலிருந்து பார்த்தால் கூடத்து மேஜை தெரியும். மேஜையில் அவள் கணவர். பக்கத்தில் ஒட்டினாற்போல் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர்.

"கல்லு சேர்க்கிறவங்க சங்கத்துல அத்தான்தானே பெரிய ஆளு. கத்துக்க வருவாங்களா இருக்கும்க்கா."

"கத்துக்க வர்றவ எதுக்குடி பவுடர் போட்டுக்கிட்டு வரா?"

"நாமளும்தான் போடறோம்."

"நீ யார் கட்சி?"

போனை வைத்துவிட்டாள்.

சங்கத்தில் அவருக்குக் 'கல்லு சார்' என்றே பெயர். கண்காட்சிக்கு வருகிற கால்சைட் கற்களில் நிஜம் எது, போலி எது என்று பிரிப்பது அவர் பொறுப்பு. உறுப்பினர்களிடம் வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு வருவது டீச்சர். எல்லாமே தண்ணீர் மாதிரித் தெளிவு. ஒரு பக்கமாகச் சாய்ந்த குட்டிப் பெட்டி மாதிரி வடிவம்.

சோதனை ரொம்பச் சுலபம். காகிதத்தில் ஒரு கோடு. அதன்மேல் கல். வெறும் கண்ணாடி என்றால் ஒரே கோடு தெரியும். கால்சைட் என்றால் ஒளியை இரண்டாகப் பிரித்துவிடும். ஒரு கோடு இரண்டு கோடாகிவிடும்.

கல்யாணமான புதிதில் இதை அவளுக்கும் காட்டத்தான் பார்த்தார். "அடுப்புல வேலை கிடக்கு" என்று எழுந்து போனவள் அவள்தான். இருந்தாலும், அவர் பக்கத்து நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்தால் வயிறு எரியாதா?

அதுவும் முன்பெல்லாம் தனியாகவே பார்ப்பார். இப்போது எதற்கெடுத்தாலும், "டீச்சர் வரட்டும்." பெண்டாட்டி கடைக்குக் கிளம்ப இரண்டு நிமிடம் தாமதித்தால் குதிக்கிற மனுஷன், டீச்சருக்காகச் சாயங்காலம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் பொறுக்காது, போலிக் கல். பழைய சிநேகிதர் ஒருவர் போன வருஷம் கண்ணாடியைக் கல்லென்று நீட்டினார். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று கல்லு சார் வாசலைக் காட்டிவிட்டார். அந்த மனுஷர் இன்றுவரை தலைகாட்டவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு அது போதும். நேரே கண்ணாடி வெட்டுகிறவரிடம் போனாள்.

"இப்படிச் சாய்வா வெட்டினா கோணலா இருக்குமேம்மா?"

"கோணலாத்தான் வேணும். வெட்டுங்க."

மறுநாள் டீச்சர் கை கழுவப் போன நேரம் பார்த்து, துண்டைத் தட்டில் மற்ற கற்களோடு செருகினாள். பிறகு காபியோடு வந்து மேஜையருகே நின்றுகொண்டாள். டீச்சரைத் துரத்துகிற காட்சியைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டாமா?

கல்லு சார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்தத் துண்டும் கைக்கு வந்தது. கோட்டின் மேல் வைத்தார். குனிந்தார். டீச்சரும் கூடவே குனிந்தாள்.

"ரெண்டு கோடு. சுத்தமான கல்லு. கண்காட்சிக்கு வெச்சிடலாம்" என்றார் கம்பீரமாக.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கோடு. குழந்தைகூடச் சொல்லும்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து வீட்டுக்காரம்மாவைப் பார்த்தாள்.

"ஆமா சார். ரெண்டுதான்."

சொல்லிக்கொண்டே அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கட்டின பெண்டாட்டி சமையலில் உப்பு ஒரு கல் கூடினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்! இவள் கொண்டுவந்தால் கண்ணாடிகூடக் கல்லாகிவிடுமா? அவ்வளவு தூரம் போய்விட்டதா?

"என்ன, அங்கேயே நிக்கறே?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லை. நீங்க பாருங்க. நல்லாப் பாருங்க."

டீச்சர் கிளம்பியதும் பின்னாலேயே கேட் வரைக்கும் போனாள்.

"நில்லு. அது கண்ணாடின்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா. தட்டுல நான் அடுக்கினதுல இது இல்லை. வெச்சது நீங்கன்னும் தெரியும்." கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து நீட்டினாள் டீச்சர்.

"அப்புறம் எதுக்கு அவரோட சேர்ந்து தலையாட்டினே? என் வீட்டுக்காரர் கண்ணையே கட்டிட்டியே! என்னடி மருந்து வெச்சே?"

டீச்சர் கூடத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணுல புரைக்கா அவருக்கு. கல்லே வைக்காம வெறும் கோட்டைப் பார்த்தாலும் ரெண்டாத்தான் தெரியுது. நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னுதான் இன்னிக்கு அவ்வளவு சத்தமாச் சொன்னார். மத்த நாள் நான் பார்த்துக் காதுல சொல்லுவேன், அவர் சங்கத்துக்குச் சொல்லுவார்."

வீட்டுக்காரம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நானும் எவ்வளவோ தடவை சொல்லச் சொன்னேன். 'அவளுக்குத் தெரிஞ்சா, கல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் கெட்டுச்சுன்னு அத்தனையையும் அள்ளிக் குப்பைல கொட்டிடுவா'ன்னு பயப்படறார்."

கொட்டியிருப்பாள்தான்.

"சண்டை போட்டு இப்பத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல போகணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் முழிச்சிட்டிருந்தேன்."

"நீயே கூட்டிட்டுப் போறியா?" என்றாள் வீட்டுக்காரம்மா. அந்த நேரத்திலும் குரலில் ஒரு சுருக்.

டீச்சர் கேட்டைத் திறந்தாள்.

"பக்கத்துல யார் இருப்பாங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டாங்கக்கா. 'அவர் கண்ணுக் கட்டைப் பிரிச்சதும் முதல்ல பார்க்கணும்னு சொன்னது அவர் வீட்டுக்காரம்மாவை. அவங்கதான் இருப்பாங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."