சத்தம் போடும் சைலன்சர்

"பாய், இதோட சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்? அத மொதல்ல சொல்லுங்க."

செல்லதுரை இப்படிக் கேட்டதும், கும்பகோணம் பைபாஸ் ஓரத்து ஒர்க்ஷாப்பில் நின்ற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருவர் யூனுஸ். துபாயில் பதினாறு வருஷம் பணக்காரர்களின் கார்களைக் குடைந்துவிட்டு ஊர் திரும்பிய மெக்கானிக். இன்னொருவன் செல்லதுரையின் மகன் இளம்பரிதி. பெங்களூர் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே வேலை பார்ப்பவன். சம்பளத்தில் பாதி அங்கே நின்ற நீல நிற டர்போ காருக்குத்தான் போகிறது. மீதி அதன் பெட்ரோலுக்கு என்பார் செல்லதுரை.

கம்பெனி கொடுத்தபடியே கார் ஓட்டுவது இளம்பரிதிக்கு ஆகாது. எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வெளி மார்க்கெட் சரக்கு. பிரேக், அதே கம்பெனியின் பெரிய மாடலுக்கு வருவது. எஞ்சின் கம்ப்யூட்டரில்கூட யூனுஸ் கைவைத்தாயிற்று. பாக்கி இருந்தது சைலன்சர் ஒன்றுதான்.

செல்லதுரைக்கு வாய்க்கால் ரோட்டோரம் பத்து மா நெல் வயல். அதற்கு மேல் அவருக்கு உலகம் கிடையாது. மகனின் காரை அவர் கார் என்று சொன்னதே இல்லை. 'சனியன்' என்பார். வாங்கி ஒன்றரை வருஷமாகியும் அதில் காலெடுத்து வைக்கவில்லை. திருவாரூர் தேருக்குக்கூட டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போனார். சமூக வலைத்தளத்தில் ஆயிரம் பேர் அந்தக் காருக்கு லைக் போட்டிருந்தார்கள். ஆனால் அப்பா வாயால் ஒரே ஒரு 'நல்லாருக்கு' வராதா என்று இளம்பரிதிக்கு ஏக்கம். இருபத்தொன்பது வயதில் இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனதுக்குள்ளேயே வைத்திருந்தான்.

முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில், புது சைலன்சர் போட்ட ஒரு காரின் வீடியோவை வழக்கம்போல அப்பாவிடம் நீட்டினான். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு தடவை பார்த்தார். சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லி மூன்றாவது தடவையும் பார்த்தார். இன்று காலை, "பாய் கடைக்குத்தானே? நானும் வர்றேன்" என்று தானாகவே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

யூனுஸ் இரண்டு சைலன்சர்களை மேஜைமேல் வைத்தார்.

"அய்யா, இது கம்பெனி சைலன்சர். கம்பீரமா ஒரு உறுமல் இருக்கும், அவ்வளவுதான். இது வெளி அயிட்டம். கொஞ்சம் முரட்டுப் பய."

"முரடுன்னா?"

"ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா பட்டு பட்டுன்னு வெடிக்கும்."

"தீவாளி வெடி மாதிரியா?"

"சின்ன வெடி இல்லீங்க. அணுகுண்டு."

செல்லதுரை முரட்டுப் பயலைப் பாசத்தோடு தடவிப் பார்த்தார்.

இளம்பரிதிக்கும் அதன்மேல்தான் ஆசை. ஆனால் அப்பாவுக்குப் பயந்து, "கம்பெனி சைலன்சரே போதும்ப்பா. ஊர்ல நாலு பேருக்கு இடைஞ்சலா இருக்கும்" என்றான்.

"நீ சும்மா இருடா. வாங்குறதுதான் வாங்குற, அடுத்த ஊர் வரைக்கும் கேக்குற மாதிரி வாங்கு."

இளம்பரிதிக்குத் தன்னைக் கிள்ளிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

"பாய், நின்ன எடத்துலயே வெடிக்குமா, ஓடினாத்தானா?"

"நின்னுகிட்டு மிதிச்சாலும் வெடிக்கும்."

"காலைல அஞ்சரை மணிக்கு, பனியில ஒடனே ஸ்டார்ட் ஆகுமா?"

"பட்டனத் தொட்டாப் போதும்." யூனுஸ் இளம்பரிதியின் தோளைத் தட்டினார். "தம்பி, துபாய்லகூட இவ்வளவு நுணுக்கமா கேட்ட ஆள நான் பாத்ததில்ல. ஆனா அய்யா, ஒண்ணு சொல்லிடுறேன். இத போட்டுக்கிட்டு மெயின் ரோட்டுல போனா போலீஸ் புடிக்கும்."

"மெயின் ரோட்டுக்கு ஏன் போறோம்? நம்ம வாய்க்கா ரோடு இருக்கு. அங்க எந்தப் போலீஸ் வருது?"

மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. செல்லதுரை டீ குடிக்கக்கூட நகரவில்லை. யூனுஸ் ஸ்டார்ட் செய்து ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்தார்.

படார்! பட்! பட்! படார்!

எதிர்க் கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் துள்ளி எழுந்து ஓடியது. அது கண்ணுக்கு மறையும் வரை செல்லதுரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நல்லாருக்கு" என்றார்.

ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த சொல். இளம்பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் கிடைத்த துணியால் முகத்தைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் கிரீஸ் ஆனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போலாமாப்பா?" என்றான் தயக்கத்தோடு.

"நாளைக்கு மட்டுமா? தெனமும் போவோம். விடிய ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டு."

"தெனமுமாப்பா?"

"பின்ன?"

யூனுஸே நெகிழ்ந்துபோனார். "அப்பா அமைஞ்சா இப்படி அமையணும் தம்பி" என்றார். இளம்பரிதி தலையை ஆட்டிவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனான்.

செல்லதுரை செல்போனை எடுத்து வீட்டில் மனைவிக்குப் போட்டார். காதில் இன்னும் வெடிச் சத்தம் நின்றதால், குழாயடி வரைக்கும் கேட்கும்படி கத்தித்தான் பேசினார்.

"ராசம்மா, கதிர் பால் புடிக்கிற நேரம்னு வயல்ல மயில் வெரட்டத் தகரம் தட்டுறதுக்கு ஒரு ஆளச் சொல்லி வச்சேன்ல, அவன வரவேணாம்னு சொல்லிடு... நம்ம புள்ளயே காரோட வர்றான்!"