இரண்டு தட்டு

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஜெகதீசன் புரோகிராமின் முதல் வார்த்தையை எழுதினால் போதும், மீதி முழுவதையும் எடிட்டர் மென்பொருளே எழுதிக் காட்டிவிடும். சரி என்றால் மேஜையில் விரலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலாயிரம் முறை தட்டிய விரல் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? மனைவி சுகிர்தா வாயைத் திறந்ததுமே அது சாப்பாட்டு மேஜையைத் தட்டிவிடும். "இந்த சோபாவை..." என்று அவள் ஆரம்பித்த மறுநாளே புது சோபா வந்து இறங்கியது.

"தட்டிட்டீங்க, இனிப் பேச்சு மாறக்கூடாது" என்பது அவள் சட்டம்.

அன்று காலை இட்லியை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அப்பா போனதிலிருந்து அவள் அம்மா சூலூரில் தனியாக இருந்தார்.

"ஏனுங்க... எங்கம்மாவை..."



டக், டக்.

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே!" சுகிர்தா அழுதுகொண்டே சிரித்தாள்.

"பழக்க தோஷம்" என்றான் ஜெகதீசன், சட்னியைப் பார்த்துக்கொண்டே.

அவன் ஆபீஸில் தட்டுவதெல்லாம் ஒழிந்து எட்டு மாதமாகிறது. இப்போது கண்ணைச் சிமிட்டினால் போதும். அதை அவன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.