மரியாதைத் தீர்மானம்

ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்த லோகப்பிரியா, நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பெண்ணை அதட்டினாள்.

"ஏய், துடைச்சது போதும். போய் டீ சொல்லு."

சமத்துவம் பேசிப் பேசியே அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

"சொல்லிப்போடறேனுங்க அம்மணி. இன்னைக்கு என்னங்க தீர்மானம்?"

"நான் படிக்கையில பண்ணையம் வெச்சிருந்த பண்ணாடி ஊட்டுப் புள்ளைக்கு ‘வாங்க கண்ணு’, எனக்கு ‘வாடி’. இனி வகுப்புல எல்லாப் புள்ளைக்கும் டீச்சருங்க ‘ங்க’ போட்டுத்தான் பேசோணும். நாந்தான் கொண்டுவாரேன். உனக்கெங்க புரியப்போகுது!"

கூட்டம் தொடங்கியது. புதிய மாவட்டத் தலைவர் மேடையேற, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

நாற்காலி துடைத்த அதே பெண்!

லோகப்பிரியா தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தாள். தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நல்ல தீர்மானமுங்க. இன்னைக்குக் காலையிலிருந்தே முன்தேதியிட்டு அமல்படுத்திப்போடலாமுங்களா, கண்ணு?"