எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்

சன்னலில்லாத அறை. தேர்வு முடிவு வெளியாகிப் பத்தே நிமிடம். ஏசியின் குளிரிலும் தேர்வு இணையதளத்தின் சர்வர்க்காரருக்கு வியர்க்கிறது. கூட்டத்தைத் தாங்கச் சர்வருக்கு முன்னால் ப்ராக்ஸி என்ற இடைக்கணினி ஒன்றை நிறுத்தி, ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்துவைத்துக் கொடு என்றவர், பதிவெண்வாரியாகச் சேமி என்று சொல்ல மறந்துபோனார். முதலில் பார்த்த பிள்ளையின் மதிப்பெண்ணே லட்சம் பேருக்கும் போகிறது: கணிதம் பதினெட்டு, தோல்வி. "ஊரையே ஃபெயிலாக்கிட்டீங்களே அண்ணா!" என்கிறாள் பக்கத்து நாற்காலிக்காரி. "சமத்துவம்மா," என்று சிரிக்கப் பார்க்கிறார். சேமித்ததையெல்லாம் அழித்து, விதியைத் திருத்துகிறார். திரையில் ஆளுக்கொரு மதிப்பெண்ணாக வருகிறது. போன் அதிர்கிறது, மகள். "அப்பா, நீங்க சொன்ன மாதிரியே பத்து மணிக்கு முதல் ஆளாப் பார்த்தேன். எல்லாருக்கும் தப்பா காட்டுதாமே, சரி பண்ணிட்டீங்களா?" "இப்பதான் பண்ணேன்மா." "எனக்கு மட்டும் மாறவே இல்லையேப்பா."